பிழையான கணக்கில் வந்த பதக்கம்

பனிச்சறுக்கு ஓட்டம் என்றால் மலைச்சரிவில் விர்ரென்று இறங்குவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது வேறு ரகம். நார்வேக்காரர்கள் பெரிதாக மதிப்பது காட்டிலும் மேட்டிலும் மணிக்கணக்கில் ஓடும் நெடுந்தூர ஓட்டத்தை. காலில் நீண்ட சறுக்குப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு, இரு கைகளிலும் கோல் ஊன்றி, பனியை உந்தி உந்திப் போகவேண்டும். இந்த ஓட்டத்தில் ஒரு காலத்தில் நிகரற்று விளங்கியவர் தோர்லைப் ஹாக்.

1894-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, டிராமன் நகரை அடுத்த லியரில் பிறந்தவர் ஹாக். நார்வேயில் ஹோல்மென்கோலன் என்ற இடத்தில் நடக்கும் 50 கிலோமீட்டர் ஓட்டம் மிகவும் பெயர் பெற்றது. மும்பை வி.டி.யில் ரயில் ஏறிக் கல்யாணில் இறங்குகிறோமே, ஏறக்குறைய அந்தத் தூரம்! அதில் 1918 முதல் 1921 வரை தொடர்ந்து நான்கு முறையும், 1923, 1924 ஆண்டுகளிலும் ஹாக் வென்றார்.

1924 ஜனவரி கடைசியில் பிரான்சின் ஷமோனி நகரில் குளிர்கால விளையாட்டு வாரம் தொடங்கியது. அதுதான் முதல் குளிர்கால ஒலிம்பிக் என்று பிற்பாடு அங்கீகாரம் பெற்றது. 50 கிலோமீட்டரை ஹாக் 3 மணி 44 நிமிடம் 32 விநாடியில் கடந்தார். முதல் நான்கு இடங்களும் நார்வேக்கே! அடுத்து 18 கிலோமீட்டரிலும் தங்கம். ஓட்டத்தையும் தாவலையும் சேர்த்துக் கணக்கிடும் இரட்டைப் போட்டியிலும் தங்கம். தனித் தாவல் போட்டியில் மூன்றாம் இடம் என்று அறிவித்து வெண்கலமும் கொடுத்தார்கள்.

வினை அந்த வெண்கலத்தில்தான் இருந்தது. தாவலில் தூரத்துக்கு மட்டுமன்றி, தாவும் அழகுக்கும் நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு ஹாக்குக்கு 18.000 என்றும், அமெரிக்காவுக்காக வந்த ஆண்டர்ஸ் ஹாகனுக்கு 17.916 என்றும் எழுதினார்கள். ஹாகனும் நார்வேயில் பிறந்தவரே. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போனவர். பதக்கமில்லாமல் நான்காவதாகத் திரும்பினார்.

ஹாக் 1926-ல் பின்லாந்தின் லாட்டி நகரில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி பெற்றார். பனியிலும் குளிரிலும் அத்தனை ஆண்டு ஓடியும் அசராத அந்த உடம்பை நிமோனியா சாய்த்துவிட்டது. 1934 டிசம்பர் 12-ந் தேதி டிராமனில் காலமானார். வயது நாற்பதுதான். 1946-ல் அந்த ஊரில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

1974-ல், ஷமோனி நடந்து ஐம்பது ஆண்டுகள் ஆன சமயம். அங்கே ஹாக்குக்கு அடுத்தபடியாக வெள்ளி வென்ற தோரால்ப் ஸ்ட்ரோம்ஸ்டாட், பழைய மதிப்பெண் பட்டியலில் ஏதோ இடிக்கிறதே என்று கண்டார். பனிச்சறுக்கு வரலாற்று ஆசிரியர் யாகொப் வாகே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். பிழை உறுதியாயிற்று! ஹாக்கின் மதிப்பெண் உண்மையில் ஹாகனுடையதைவிடக் குறைவு. கணக்கெழுதும் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இது வியப்பாக இராது. பெரிய பெயருக்கு எதிரே இருக்கும் தொகையை யாரும் இரண்டாம் முறை சரிபார்ப்பதில்லை. ஐம்பது ஆண்டுகள் அந்தத் தாள் அப்படியே கிடந்தது.

ஹாக் தவறு ஏதும் செய்யவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார், உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்தார். ஆனாலும், தந்தையின் பதக்கம் தந்தைக்கே இருக்கட்டும் என்று அவர் குடும்பம் பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆஸ்லோ நகரில் நடந்த விழாவில், ஹாக்கின் மகளே அந்த வெண்கலப் பதக்கத்தை ஹாகனிடம் ஒப்படைத்தார். அமெரிக்காவிலிருந்து வந்து அதைப் பெற்றுக்கொண்டபோது ஹாகன் எண்பது வயதைத் தாண்டியிருந்தார். அதன்பின் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வாழ்ந்து, 1984-ல் அவர் மறைந்தார். ஹாக்கின் மூன்று தங்கங்களும் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கின்றன.