பாய்மரப் படகும் ஸ்பிரிங் துரையும்

கணித மேதை ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை பார்த்தார். இது எல்லோரும் அறிந்த கதை. அப்போது அந்தத் துறைமுகத்தின் தலைவராக இருந்தவரைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு.

அவர் பெயர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அயர்லாந்துக்காரர். தொழிலால் என்ஜினீயர். ஆறு, கடல், காற்று மூன்றோடும் வாழ்நாள் முழுவதும் பழகியவர்.

அவருக்கு ஓர் ஆசை உண்டு. பாய்மரப் படகு ஓட்டுவது. காற்று எதிரே இருந்து வீசினாலும், அந்தக் காற்றைக் கொண்டே படகை முன்னால் செலுத்துகிற வித்தை அது. ஸ்பிரிங் துரை செய்த மற்றக் காரியங்களிலும் இந்த வித்தையின் சாயல் உண்டு.

ஆற்றுக்குக் கரை

ஸ்பிரிங் 1849-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிறந்தார். டப்ளின் நகரில் உள்ள டிரினிட்டி கல்லூரியில் படித்தார். 1870-ல் அரசாங்க என்ஜினீயராக இந்தியாவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 21.

நாடெங்கும் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. என்ஜினீயர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தவை ஆறுகள். மணல் நிறைந்த நம் நாட்டுப் பேராறுகள் ஓர் இடத்தில் நிற்பதில்லை. இந்த ஆண்டு இங்கே ஓடும். அடுத்த வெள்ளத்தில் வேறு பக்கம் திரும்பிவிடும். கட்டிய பாலம் ஓரிடத்தில் இருக்க, ஆறு வேறிடத்தில் ஓடும்.

இதற்கு ஒரு வழி கண்டார்கள். பாலத்துக்கு மேலும் கீழும் வலுவான கரைகளைக் கட்டினார்கள். அவை ஆற்றைத் தடுக்கவில்லை. அதன் போக்கை மெல்லத் திருப்பிப் பாலத்துக்குள் கொண்டுவந்து விட்டன. வெள்ளத்தின் வேகமே ஆற்றின் தரையை அரித்து அதற்கு வழி செய்துகொடுத்தது.

இந்த முறையை விளக்கி ஸ்பிரிங் ஒரு நூல் எழுதினார். அது 1903-ல் வெளிவந்தது.

சென்னைக்கு வந்தார்

அடுத்த ஆண்டே, 1904-ல், அவர் சென்னைத் துறைமுகத்தின் தலைவர் ஆனார். அப்போது வயது 55. மற்றவர்கள் ஓய்வு பெறுகிற வயதில், அவருடைய பெரிய வேலை தொடங்கியது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பழைய காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகில் கரைக்கு வரவேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும்.

1870-களில் கடலுக்குள் இரண்டு பெரிய சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881-ல் வந்த புயல் அவற்றைச் சிதைத்தது. மறுபடியும் கட்டினார்கள். ஆனால் துறைமுகத்தின் வாசல் கிழக்கே கடலைப் பார்த்து இருந்தது. அலைகள் நேராக உள்ளே புகுந்தன. உள்ளே நின்ற கப்பல்கள் ஆடின.

ஸ்பிரிங் அந்தக் கிழக்கு வாசலை மூடினார். வடகிழக்கில் வேறு வாசல் திறந்தார். அதன் பிறகு துறைமுகத்துக்குள் தண்ணீர் அடங்கியது.

மணல் ஊர்வலம்

அலையை அடக்கினாலும் மணல் அடங்கவில்லை.

கடற்கரையில் நின்று பார்த்தால் இது விளங்கும். அலை பெரும்பாலும் சாய்வாகவே கரையில் ஏறும். ஏறும்போது மணலையும் சாய்வாக இழுத்து வரும். பிறகு தண்ணீர் நேராகக் கீழே இறங்கும். அடுத்த அலை மறுபடியும் சாய்வாக ஏற்றும். இப்படி வளைந்து வளைந்து மணல் கரையோரமாகவே நடந்து போகும்.

தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவக் காற்றுக் காலத்தில் தெற்கே வரும். ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம்.

துறைமுகச் சுவர் இந்த ஊர்வலத்துக்குக் குறுக்கே நின்றது. தெற்கே மணல் குவிந்தது. ஒரு காலத்தில் சாலையை ஒட்டி இருந்த கடல் விலகிப் போயிற்று. மெரினா அகலமாக விரிந்தது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் இன்று மாலையில் காற்று வாங்கும் மணல்வெளியின் பெரும்பகுதி அப்படிச் சேர்ந்ததுதான்.

தெற்கே வரவு, வடக்கே செலவு. ராயபுரம் பக்கம் போய்ச் சேரவேண்டிய மணல் சேரவில்லை. அங்கே கடல் கரையைத் தின்றது. வடசென்னைக் கரையோரத்தில் பாறைகளைக் கொட்டிக் கடலோடு போராடுவது இன்றும் தொடர்கிறது.

ஸ்பிரிங் இந்த மணலின் போக்கை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். ஆற்றைத் திருப்ப முடிந்த அவருக்கு, கடலோர மணலின் கணக்கை முடிக்க இயலவில்லை.

எதிர்க்காற்றில் படகு

1911-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் அவர் சென்னைத் துறைமுகத்தில் ஒரு பாய்மரப் படகுச் சங்கத்தை நிறுவினார். அது பின்னாளில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று பெயர் பெற்றது. அந்தக் காலத்தில் அது வெள்ளை அதிகாரிகளின் விளையாட்டு. ஆனால் அந்த வித்தை நம் கடற்கரைக்குப் புதிது அல்ல. நொச்சிக்குப்பத்திலும் ஊரூர்க் குப்பத்திலும் வாழ்ந்த மீனவர்களுக்கு அது கைவந்த கலை. ஆங்கிலேயர்கள் கட்டுமரம் என்ற சொல்லையே தமிழிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

காற்று பின்னால் இருந்து வீசினால் பாய் உப்பும், படகு ஓடும். இது குழந்தைக்கும் புரியும். பக்கத்திலிருந்து வீசினால்?

ஊறிய புளியங்கொட்டை ஒன்றை இரு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். விரல்கள் பக்கவாட்டில்தான் அழுத்துகின்றன. கொட்டையோ முன்னால் பாய்கிறது. படகும் அப்படித்தான்.

வளைந்து நிற்கும் பாய், அதன்மேல் வருகிற காற்றைப் பின்பக்கமாகத் திருப்பி விடுகிறது. பாயின் வெளிவளைவில் காற்று வேகமாக ஓடுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. உள்வளைவில் அழுத்தம் கூடுகிறது. ஆகவே பாய் ஒரு பக்கமாக இழுக்கப்படுகிறது. அந்த இழுப்பில் பெரும்பகுதி பக்கவாட்டிலும், ஒரு பகுதி முன்னோக்கியும் இருக்கும்.

பக்கவாட்டில் படகு நழுவாமல் தடுப்பது, அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் பலகை. கட்டுமரக்காரர்களும் இதற்காகவே பலகையை நீரில் இறக்குவார்கள். பக்கத்து வழி அடைபட்டதும் மிஞ்சுவது முன்வழி. படகு முன்னே பாய்கிறது. காற்று விரல், தண்ணீர் விரல் இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட புளியங்கொட்டைதான் படகு!

காற்றுக்கு நேர் எதிரே மட்டும் போகமுடியாது. சுமார் 45 டிகிரி விலகி வலப்பக்கம் கொஞ்ச தூரம். பிறகு திரும்பி இடப்பக்கம் கொஞ்ச தூரம். இப்படி வளைந்து வளைந்து போனால் காற்று வருகிற இடத்துக்கே போய்ச் சேரலாம்.

30 ரூபாய் குமாஸ்தா

1912-ஆம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி ராமானுஜன் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கல்லூரித் தேர்வில் தோற்றவர். பட்டம் இல்லை. கையில் இருந்தவை கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே.

அலுவலகத்தில் ஸ்பிரிங்குக்கு அடுத்த நிலையில் இருந்தவர் எஸ். நாராயண ஐயர். அவரும் கணிதம் கற்றவர். குமாஸ்தாவின் அருமையைத் துரைக்கு எடுத்துச் சொன்னார்.

அந்தக் கணக்குகள் ஸ்பிரிங்கின் துறை அல்ல. ஒரு துறைமுகத் தலைவர், தம் அலுவலகத்தின் கடைநிலைக் குமாஸ்தா எழுதியதை ஒதுக்கிவிட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஸ்பிரிங் அப்படிச் செய்யவில்லை. புரிந்துகொள்ளக் கூடியவர்களைத் தேடினார்.

1913 பிப்ரவரியில் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவர் இந்திய வானிலை இலாகாவின் தலைவர். கேம்பிரிட்ஜில் படித்த கணித நிபுணர். வீசினால் திரும்பி வரும் வளைதடி காற்றில் எப்படிப் பறக்கிறது என்று ஆராய்ந்தவர். ஸ்பிரிங் அவர் கவனத்தை ராமானுஜனின் கணக்குகள் மேல் திருப்பினார். வாக்கர் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார்.

பலன் கிடைத்தது. 1913 மே மாதம் முதல் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வந்தது. குமாஸ்தா வேலை போயிற்று. கணக்கே வேலை ஆயிற்று.

இதற்கிடையே, இங்கிலாந்தில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதியிருந்தார். ஹார்டி அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். பணத்துக்கு என்ன வழி? 1914 பிப்ரவரியில் ஸ்பிரிங் மறுபடியும் பேனாவை எடுத்தார். கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் காரியதரிசிக்கு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகைக்கு அனுமதி கிடைத்தது.

1914 மார்ச் 17-ந் தேதி, ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் நெவாசா கப்பல் ஏறினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே துறைமுகத்தில் கணக்கு எழுத வந்தவர், கணித உலகத்துக்குப் பயணமானார்.

பின்னாளில்

1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி ராமானுஜனை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு அவர் நோயாளியாகத் திரும்பினார். மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் சில காலம் தங்கினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

ஸ்பிரிங் 1919-ல் துறைமுகப் பதவியிலிருந்து விலகினார். 1933-ல், தம் 84-ஆம் வயதில் மறைந்தார். துறைமுகப் பகுதியில் ஸ்பிரிங்ஹேவன் என்ற பெயர் அவரை நினைவூட்டுகிறது.

குப்பத்து மீனவர்களின் பாய்கள் மறைந்து மோட்டார் படகுகள் வந்துவிட்டன. ஆனால் துறைமுக நீரில் பாய்மரப் பயிற்சி நிற்கவில்லை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியாவிலிருந்து 4 பாய்மரப் படகு வீரர்கள் போனார்கள். அவர்களில் நேத்ரா குமணன், கணபதி, வருண் தக்கர் ஆகிய 3 பேர் சென்னைக்காரர்கள்.

இன்று படகு பழக வருகிற சிறுவர்களும் சிறுமிகளும் முதலில் தெரிந்துகொள்வது ஒன்றுதான். காற்றுக்கு நேர் எதிரே படகைத் திருப்பினால் பாய் படபடக்கும்; படகு நகராது. படகின் முகப்பைக் காற்றிலிருந்து விலக்கித் திருப்பினால் போதும். பாய் நிமிரும், படகு கிளம்பிவிடும்.