சாலொமோன் மன்னன்

தாவீதின் மைந்தனாகிய சாலொமோன் செல்வத்தை வேண்டாது ஞானத்தை வேண்டிப் பெற்றவன் என்பதை நம் குழந்தைகளும் அறிவர். எருசலேமில் 7 ஆண்டுகளில் ஆலயம் எழுப்பினான். தன் அரண்மனைக்கோ 13 ஆண்டுகள் எடுத்துக்கொண்டான். புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதும் நம்மால் இவ்விரு எண்களையும் எளிதிற் கடந்து செல்ல இயலவில்லை.

மனைவியர் 700 பேர். மறுமனையாட்டிகள் 300 பேர். முதுமையில் அவர்கள் பொருட்டு எருசலேமுக்கு எதிரேயுள்ள மலையிலேயே கேமோசுக்கும் மோளோகுக்கும் மேடைகள் அமைத்தான். ஆண்டவன் இருமுறை தரிசனமளித்த பின்னரும் இது நேர்ந்ததே என்பதுதான் நம்மை வருத்துகின்றது.

தண்டனை தாவீதின் பொருட்டு ஒத்திவைக்கப்பட்டது. 40 ஆண்டுகள் ஆண்டு சாலொமோன் மறைந்தான். மகன் ரெகொபெயாம் முதியோர் சொல்லைத் தள்ளி, குடிகளின் சுமையைக் குறைக்க மறுத்தான். 10 கோத்திரங்கள் யெரொபெயாமுடன் பிரிந்து சென்றன. அம்மேடைகளோ, யோசியா மன்னன் ஒழிக்கும்வரை, ஏறத்தாழ 300 ஆண்டுகள் அங்கேயே நின்றன.