இடையன்குடிக் கால்டுவெல்

அயர்லாந்து மண்ணிற் பிறந்து, தமிழரின் மொழியையும் வரலாற்றையும் வாழ்க்கையையும் நூல்களாக்கிப் புகழும் பழியும் ஒருங்கே எய்தியவர் இராபர்ட் கால்டுவெல். 1814 மே 7ஆம் நாள் அன்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடி என்னும் சிற்றூரில் ஸ்காட்லாந்துப் பெற்றோர்க்குப் பிறந்தார். இளமையில் ஓவியம் பயில டப்ளின் சென்றவர், சமயப்பணியில் நாட்டம் திரும்பக் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கே கிரேக்கப் பேராசிரியர் சாண்ட்போர்டு ஊட்டிய மொழியொப்பீட்டு வேட்கையுடன் 1838 சனவரியில் சென்னையில் கரையிறங்கினார்.

1841இன் இறுதியில் அவர் வந்தமர்ந்த இடையன்குடி, தேரிமணலும் பனையும் சூழ்ந்த ஊர். நம் நாஞ்சில் நாட்டுக்கும் அவருக்கும் ஓர் உறவுண்டு. நாகர்கோவிலில் தொண்டாற்றிய சார்லஸ் மால்ட் ஐயரின் மகள் எலிசாவை 1844இல் மணந்தார். தமிழ் பேசும் ஊரில் வளர்ந்த அவ்வம்மையார் இடையன்குடியில் பெண்கல்வியையும் பின்னல் வேலையையும் வளர்த்தார். கணவரின் வரலாற்றில் ஒற்றை வரியாய் ஒதுக்கப்படுகிறவர் அவர். இங்கும் இடம் போதவில்லை என்பது என் குறையே.

1849இல், தாம் பணிசெய்த பனைத்தொழில் மக்களைப் பற்றிக் கால்டுவெல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். கடல்கடந்த சமய ஆதரவாளர்க்கு நிலைமையை விளக்குவது அதன் நோக்கம். அம்மக்களின் அறிவையும் வழிபாட்டையும் தாழ்த்தி எழுதினார். ஈழத்திலிருந்து வந்தேறியவர் என்றார். தம்மால் எழுதப்படுவோர் ஒருநாள் அதனைப் படிப்பர் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை போலும். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற தலைமுறை அதனைப் படித்தது, கொதித்தது, அரசுக்கு முறையிட்டது. நூல் பின்னர் புழக்கத்தினின்று விலக்கப்பட்டது. எங்கள் வகுப்பறைகளில் இந்நூலின் பெயரைச் சொல்லாமலே கால்டுவெல்லை நடத்தி முடித்துவிடுகிறோம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்தேன்.

ஏழாண்டுகள் கழித்து, 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தென்னாட்டு மொழிகள் தனிக்குடும்பம் என்பதை எல்லிஸ் 1816இலேயே சுட்டியிருந்தார். அதனை ஒலி, வேற்றுமை, வினை எனப் பகுத்து நிறுவியவர் கால்டுவெல். திருவட்டாற்றில் பிறந்தோர்க்கு இதற்கு ஏடு வேண்டுவதில்லை. முன்னர் திருவிதாங்கூராயிருந்த இம்மண்ணில் நாம் வந்தான், வந்தாள், வந்தார் என்போம். மலையாளம் பேசும் அண்டை வீட்டார் எல்லார்க்கும் வந்நு என்பர். வினைமுற்று பாலும் எண்ணும் காட்டும் விகுதியை இழந்ததையே மலையாளம் பிரிந்து நின்றமைக்குரிய தலையாய வேறுபாடாகக் கால்டுவெல் கருதினார். சந்தையில் நாம் கேட்டுக் கடந்துவிடும் ஒன்றை அவர் நின்று கேட்டார். அதே காது, பனையேறிகளின் பேச்சைக் கேட்டபோது ஏன் அடைத்துக்கொண்டது?

1875இல் ஒப்பிலக்கணத்தை விரித்துத் திருத்தினார். 1877இல் பேராயரானார். 1881இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை எழுதினார். கொற்கையில் அகழ்ந்து பார்த்து, கடல் விலகிய கதையை மண்ணிலிருந்து படித்தவரும் அவரே. இம்முறை சான்றுகளைத் தேடி நடந்தார் என்பது என் கணிப்பு.

1891 ஆகஸ்டு 28இல் கோடைக்கானலில் மறைந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி, அவர் எழுப்பிய இடையன்குடித் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தனர். அவர் மறைந்தபின் 1913இல் வந்த ஒப்பிலக்கணப் பதிப்பில் சில பகுதிகள் விடுபட்டிருந்தன; அந்தப் பதிப்பே நெடுங்காலம் நம் நூலகங்களில் கிடைத்தது.