கச்சோரிக் கடன் தீர்த்த கவிஞர் பனாரசிதாசர்

இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவது திருடாமை. கொடுக்கப்படாத பொருளைக் கொள்ளாமை என்பதே அதன் பொருள். அவ்விரதத்தின் அருமையைத் தம் வாழ்வில் வழுக்கி விழுந்து உணர்ந்தவர் கவிஞர் பனாரசிதாசர்.

இவர் 1586ஆம் ஆண்டு ஜவுன்பூரில், ஸ்ரீமால் குலத்து மணி வணிகர் கரக்சேனரின் மைந்தராகப் பிறந்தார். அந்நகரில் முப்பத்தாறு வகைத் தொழிலாளர் வாழ்ந்தனர். கண்ணாடி வார்ப்போர், சாயம் தோய்ப்போர், பஞ்சு கொட்டுவோர், காகிதம் செய்வோர், அரக்கு வளையல் செய்வோர், மணிகளில் துளையிடுவோர், கத்திக்குச் சாணை பிடிப்போர், கூரை வேய்வோர், பொரி வறுப்போர் எனப் பலரும் தத்தம் கைத்திறனால் உண்டு வாழ்ந்தனர். இன்று அருகிவிட்ட இத்தொழில்கள் பலவற்றின் பெயர்களைப் பனாரசிதாசர் தம் நூலில் வரிசைப்படுத்தியுள்ளார்.

இத்தகைய உழைப்பாளர் நடுவே வளர்ந்தும், இளமையில் அவர் தடம் மாறினார். தந்தையின் பெட்டியிலிருந்து மாணிக்கத் துண்டுகளையும் மணிகளையும் களவாடி, வெற்றிலையும் இனிப்பும் வாங்கிச் செலவிட்டார். தந்தை ஊர் ஊராய் அலைந்து ஈட்டிய பொருள் மகன் கையாலேயே கரைந்தது.

இருபத்து நான்காம் வயதில், தந்தை ஒப்படைத்த மணிகள், நெய், எண்ணெய், துணி ஆகியவற்றுடன் ஆக்ரா சென்றார். வாணிகம் கைகொடுக்கவில்லை. ஆடையின் நாடாவில் முடிந்திருந்த மணிகள் நழுவி வீழ்ந்தன. துணியில் கட்டி வைத்த மாணிக்கங்களை எலிகள் இழுத்துச் சென்றன. பொருளை இழப்பவரின் வேதனை அப்போது அவருக்கு விளங்கியது.

கையில் காசில்லாத அந்நாளில், இரவுதோறும் பழங்கதைகளைப் பாடி வந்தார். கேட்க வந்தவர்களுள் கச்சோரி விற்பவர் ஒருவரும் இருந்தார். அவர் கடையில் பனாரசிதாசர் கடனுக்கு உண்டார். ஒருநாள் அவரைத் தனியே அழைத்து, தம்மிடம் பணமில்லை, இனிக் கடன் தர வேண்டா என உண்மையை உரைத்தார். கடைக்காரரோ, இருபது ரூபாய் வரை கேட்கமாட்டேன், கவலையின்றி உண்ணலாம் என்றார். பல திங்கள் உணவு அவ்வாறே நடந்தது. ஈடும் இல்லை, முறியும் இல்லை.

பின்னர் கூட்டு வாணிகத்தில் சிறிது பொருள் சேர்ந்தபோது, பனாரசிதாசர் கச்சோரிக் கணக்கைத் தீர்த்தார். மொத்தம் பதினான்கு ரூபாய். கொடாது போயிருந்தால் கேட்பாரில்லை. எனினும், அடுப்பருகே வெந்து உழைத்தவரின் கூலியை விழுங்கிய களவாகவே அது முடிந்திருக்கும்.

பிற்காலத்தில் ஆசார்ய குந்தகுந்தரின் சமயசாரத்தில் தோய்ந்து, 1636இல் சமயசார நாடகம் என்னும் நூலை இயற்றினார். நம் பொன்னூர் மலையோடு இணைத்துப் போற்றப்படுபவர் அவ்வாசார்யர். 1641இல், தம் ஐம்பத்தைந்தாம் வயதில், அர்த்தகதானகம் என்னும் தன்வரலாற்றைப் பாடினார். மனித ஆயுள் நூற்றுப்பத்து எனக் கொண்டு, பாதிக் கதை என அதற்குப் பெயரிட்டார். தந்தையிடம் களவாடியதையும் அதில் மறைத்தாரல்லர். இரண்டாண்டுகளில், 1643இல், மறைந்தார்.

ஆர்.எஸ்.புரத்துக் கடைகளில் தந்தையரின் அருகமர்ந்து வாணிகம் பழகும் சிறுவர் சிறுமியர் இதனை மனங்கொள்வார்களாக. பூட்டை உடைப்பது மட்டும் களவன்று. எடையில் குறைப்பதும், உழைத்தவரின் கூலியை நிறுத்துவதும், நம்பித் தந்த கடனை மறப்பதும் களவே. கல்லாவில் கை வைக்கும் முன், அதிலுள்ள ஒவ்வொரு காசிலும் எவரோ ஒருவரின் உழைப்பு இருப்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.