ஊர்ப் பெயரே அடைமொழியான சித்தூர் நாகையா

சித்தூருக்கு வரும் நம் அங்கத்தினர்கள் காணிப்பாக்கம் விநாயகரைத் தரிசித்துவிட்டு நேரே திருப்பதிக்குக் கிளம்பிவிடுவது வழக்கம். ஊரில் பார்க்க வேறு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் நாகையா கலாக்ஷேத்ரத்தைச் சொல்வேன். அந்த அரங்கத்துக்குப் பெயர் தந்தவரின் வாழ்க்கை நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

உப்பலதடியம் நாகையா பிறந்தது சித்தூரில் அல்ல. குண்டூர் ஜில்லா ரேபல்லேயில், 28-3-1904 அன்று. திருப்பதி தேவஸ்தானத்தின் உதவித்தொகையில் படித்தவர். சிறிது காலம் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தார். பிறகு ஆந்திர பத்திரிகாவில் நிருபரானார். 1930ல் உப்பு சத்தியாக்கிரகம் அவரையும் இழுத்துக்கொண்டது.

சித்தூர் அப்போது சிறிய ஊர்தான். ஆனால் 1911ல் தனி ஜில்லா ஆவதற்கு முன்பு வட ஆற்காட்டுக்கே தலைநகராக இருந்த ஊர். கோர்ட்டும் கச்சேரியும் நிறைந்த, தமிழும் தெலுங்கும் ஒருங்கே புழங்கும் ஊர். இங்கே ராமவிலாஸ சபா என்று ஒரு நாடக சபை இருந்தது. பெண் வேடத்தையும் ஆண்களே போட்ட காலம் அது. சாரங்கதர நாடகத்தில் நாகையா சித்ராங்கியாக நடித்தார். அந்த மேடையில் கிடைத்த புகழால் ஊர்ப் பெயரே அவருக்கு அடைமொழியாகிவிட்டது.

1938ல் எச்.எம். ரெட்டியின் கிருஹலக்ஷ்மியில் சினிமாவுக்கு வந்தார். அடுத்த வருஷமே பி.என். ரெட்டியின் வந்தே மாதரத்தில் கதாநாயகன். பின்னணிப் பாடகர் முறை வேரூன்றாத நாட்கள் அவை; நடிப்பவரே பாடியாக வேண்டும். சாரீரமும் சங்கீத ஞானமும் இருந்த நாகையாவுக்கு அது அனுகூலமாயிற்று. 1943ல் பக்த போதனா, 1946ல் தியாகய்யா, 1947ல் யோகி வேமனா. மூன்றுமே மகான்களின் கதைகள். தியாகய்யாவில் தயாரிப்பு, டைரக்ஷன், சங்கீதம், பிரதான வேடம் எல்லாம் அவரே. அப்போது அவருக்கு வயது 42.

தமிழர்களுக்கும் அவர் அந்நியர் அல்ல. 1941ல் அசோக்குமார் படத்தில் தியாகராஜ பாகவதருடன் நடித்தார். 1945ல் எம்.எஸ். மீராவாக நடித்த படத்தில் மேவார் ராணா இவர்தான். என் வயதுக்காரர்களுக்கு 1961ல் வந்த பாவ மன்னிப்பு நினைவிருக்கும். அதில் சிவாஜியை வளர்க்கும் முஸ்லிம் பெரியவராக வந்து, அன்பே உருவாக நிற்பவர் நாகையா. 1965ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஸயன்ஸ் படித்துவிட்டு, உத்தியோக காலம் முழுவதும் வரவு செலவு பார்த்தே பழகியவன் நான். ஆகையால் நாகையாவின் கணக்கையும் பார்க்கத் தோன்றுகிறது. 1940களில் தென்னிந்தியாவில் மிக அதிக ஊதியம் பெற்ற நடிகர்களில் அவர் ஒருவர். வரவுப் பக்கத்தில் குறையே இல்லை. செலவுப் பக்கத்தில் அவரைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த பணம், வீட்டில் வேளைதோறும் போட்ட சாப்பாடு, சொந்தப் படங்களில் இறைத்த முதல். ராமதாஸு என்ற படம் பல வருஷம் இழுத்து 1964ல் வெளிவருவதற்குள் இருந்ததும் கரைந்தது. கடைசிக் காலத்தில் தந்தை, தாத்தா, சாது என்று சின்ன வேடங்களில் நடித்து ஜீவனம் செய்தார். 30-12-1973 அன்று சென்னையில் காலமானபோது கையிருப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இதைப் படித்துவிட்டு, பிழைக்கத் தெரியாதவர் என்று சிலர் சொல்லலாம். பென்ஷன் வாங்கும் நான் அதை முழுவதும் மறுக்க மாட்டேன். முதுமைக்கு என்று ஒரு பங்கை ஒதுக்காமல் தானம் செய்யும்படி யாருக்கும் நான் யோசனை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். பொருளை மதிக்காத தியாகய்யராகவும் போதனராகவும் வேமனராகவும் நடித்தவர், வேஷத்தைக் கலைத்த பிறகும் அப்படியே இருந்தார். அதற்கு எந்தப் பத்தியில் பற்று எழுதுவது, எந்தப் பத்தியில் வரவு வைப்பது? என் கணக்கு அங்கே முடியவில்லை.

சென்னை அங்கத்தினர்கள் அவருக்குத் தியாகராய நகர் பனகல் பார்க்கில் சிலை வைத்ததை அறிவார்கள். சித்தூரில் கலாக்ஷேத்ரம் இருக்கிறது. ஆனால் அரங்கத்துக்குள் போகும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்குரியவர் யார் என்று தெரியும்?

ஆகவே ஒரு வேண்டுகோள். சித்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் இன்று பல ஊர்களில் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரண்களில் ராமவிலாஸ சபாவின் பழைய நாடக நோட்டீஸோ, போட்டோவோ, நாகையாவின் இசைத்தட்டோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த முறை காணிப்பாக்கம் வரும்போது பேரன் பேத்திகளுக்கு அந்த அரங்கத்தையும் காட்டுங்கள்.