நோயைத் தேடி 10 ஆயிரம் மைல்

நோயாளி டாக்டரைத் தேடிப் போவது உலக வழக்கம். ஆனால் ஒரு நோயைத் தேடி ஒரு டாக்டர் 10 ஆயிரம் மைல் காரில் போனார்! அவர்தான் டெனிஸ் பர்கிட். ஆப்பிரிக்கக் குழந்தைகளை வாட்டிய ஒரு கொடிய புற்றுநோயை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் அவர். அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்து விட்டது.

பறிபோன கண்

1911-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ந் தேதி, அயர்லாந்தில் எனிஸ்கில்லன் என்ற ஊரில் பர்கிட் பிறந்தார். தந்தை என்ஜினீயர். பறவைகள் என்றால் அவருக்கு உயிர். ராபின் என்ற சிறு பறவைகளின் காலில் வளையம் மாட்டி, எந்தப் பறவை எங்கே வாழ்கிறது என்று படம் வரைந்து வைப்பார். பின்னாளில் மகனும் ஒரு படம் வரைந்தார். அது நோயின் படம்.

பர்கிட்டுக்கு 11 வயது இருக்கும்போது, பள்ளிக்கூடப் பையன்களுக்குள் சண்டை மூண்டது. பறந்து வந்த கல் ஒன்று அவருடைய மூக்குக் கண்ணாடியில் பட்டது. ஒரு கண் போய் விட்டது.

டப்ளின் நகரில் முதலில் என்ஜினீயரிங் படிக்கச் சேர்ந்தார். பிறகு மனம் மாறி மருத்துவம் படித்தார். 1935-ல் டாக்டர் ஆனார். ஆப்பிரிக்காவில் வேலை கேட்டு மனு போட்டார். ஒரு கண் இல்லாதவர் என்று சொல்லித் தள்ளி விட்டார்கள். ஆனாலும் அவர் தளரவில்லை. இரண்டாம் உலகப் போரில் ராணுவ டாக்டராக வேலை பார்த்தார். 1946-ல் உகாண்டா நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

வீங்கிய தாடை

1957-ம் ஆண்டு. உகாண்டாவின் இன்றைய தலைநகர் கம்பாலாவில் முலாகோ ஆஸ்பத்திரி. 5 வயதுப் பையன் ஒருவனைப் பார்க்கும்படி வேறொரு டாக்டர் பர்கிட்டை அழைத்தார். பையனின் தாடையில் இரண்டு பக்கமும், மேலும் கீழும் வீக்கம். இப்படி ஒரு நோயை அவர் கண்டது இல்லை.

சில வாரம் கழித்து அவர் ஜின்ஜா என்ற ஊரின் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். புல் தரையில் ஒரு தாய் குழந்தையோடு உட்கார்ந்து இருந்தாள். குழந்தைக்கு அதே வீக்கம்! ஓடிப் போய்ச் சோதித்தார். வயிற்றிலும் கட்டி இருந்தது.

பழைய ஆஸ்பத்திரிக் குறிப்புகளை எல்லாம் புரட்டினார். தாடைக் கட்டியும் வயிற்றுக் கட்டியும் பல குழந்தைகளுக்குச் சேர்ந்தே வந்து இருந்தன. எல்லாம் ஒரே நோய் என்று அவருக்குப் புரிந்தது. 1958-ல் அதை எழுதி வெளியிட்டார். நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களே கட்டுக்கு அடங்காமல் பெருகுவதுதான் அந்த நோய் என்று பிறகு தெரிந்தது.

பழைய கார்

தென் ஆப்பிரிக்காவில் இந்த நோய் இல்லை என்று அவர் கேள்விப்பட்டார். அப்படியானால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? படத்துடன் கடிதங்கள் அச்சிட்டு ஆப்பிரிக்கா முழுவதும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்.

1961 அக்டோபரில், 250 பவுனுக்கு வாங்கிய பழைய காரில் புறப்பட்டார். கூட இரண்டு டாக்டர் நண்பர்கள். 10 வாரம் சுற்றினார்கள். வழியில் இருந்த ஆஸ்பத்திரிகளில் எல்லாம் விசாரித்தார்கள்.

விடை கிடைத்தது. வெப்பமும் மழையும் உள்ள இடங்களில் நோய் இருந்தது. குளிர்ந்த மலைகளில் இல்லை. வறண்ட நிலத்திலும் இல்லை. கொசு வாழும் இடங்களில்தான் நோயும் வாழ்ந்தது!

விமானத்தில் வந்த கட்டி

அதே ஆண்டு மார்ச் மாதம் லண்டனில் பர்கிட் பேசி இருந்தார். கேட்டவர்களில் ஒருவர் ஆண்டனி எப்ஸ்டீன். வைரஸ் கிருமிகளை ஆராய்ந்தவர். கம்பாலாவில் இருந்து கட்டியின் துண்டுகள் அவருக்கு விமானத்தில் போயின. நீண்ட காலம் ஒன்றும் அகப்படவில்லை.

1963 டிசம்பரில் லண்டனில் பனி மூட்டம். விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பி விடப்பட்டது. தாமதமாக வந்த புட்டியில் நீர் கலங்கி இருந்தது. கெட்டுப் போய் விட்டது என்று எப்ஸ்டீன் எறிந்து விடவில்லை. கட்டியின் அணுக்கள் உயிரோடு மிதந்தன! அவற்றை வளர்த்துப் பார்த்ததில் புதிய வைரஸ் தெரிந்தது. எப்ஸ்டீன், அச்சாங், பார் ஆகிய மூவரும் 1964-ல் அதை வெளியிட்டனர். மனிதருக்கு வரும் புற்றுநோயோடு தொடர்புடையதாகக் கண்ட முதல் வைரஸ் அதுதான்.

இந்த வைரஸ் உலகில் பெரும்பாலானவர்கள் உடம்பில் உண்டு. ஆனால் பெரும்பாலும் கெடுதல் செய்வது இல்லை. ஆப்பிரிக்காவில் மலேரியா குழந்தைகளை ஓயாமல் தாக்குகிறது. அதனால் உடம்பின் காவல் தளர்ந்து, அணுக்கள் கெட வழி ஏற்படுகிறது.

மருந்தே கத்தி

பர்கிட் அறுவை சிகிச்சை டாக்டர். ஆனால் பல இடத்தில் முளைக்கும் கட்டிக்குக் கத்தி உதவவில்லை. கம்பாலாவில் கதிர் சிகிச்சைக் கருவியும் இல்லை. எனவே மருந்து கொடுத்துப் பார்த்தார். சில நாளில் வீக்கம் வடிந்தது! எல்லாக் குழந்தைகளும் பிழைக்கவில்லை. ஆனால் சிலர் முழுக்கக் குணம் அடைந்தார்கள். புற்றுநோயை மருந்தாலேயே தீர்க்க முடியும் என்பதை முதலில் காட்டியவற்றில் இதுவும் ஒன்று.

1966-ல் பர்கிட் இங்கிலாந்து திரும்பினார். தவிடு நீக்காத தானியம், காய்கறி, பழம் சாப்பிடுங்கள் என்று பிற்காலத்தில் ஊர் ஊராகச் சொன்னார். 1993-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, 82-வது வயதில் காலமானார்.

இன்று பணக்கார நாடுகளில் இந்த நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்து விடுகிறார்கள். நோய் மிகுந்த ஆப்பிரிக்காவில் இன்னும் அந்த நிலை வரவில்லை. ஆஸ்பத்திரி தூரம், மருந்து விலை அதிகம், குழந்தைகள் வந்து சேரும்போது நோய் முற்றி விடுகிறது. பழைய கார் போன அந்தப் பாதையில், மருந்தும் போய்ச் சேர வேண்டும்.