படத்தால் பாடம் சொன்ன பாதிரியார்

படக்கதைப் புத்தகமும் கையுமாக ஒரு பையன் உட்கார்ந்திருந்தால் நமக்குக் கோபம் வருகிறது. புத்தகத்தைப் பிடுங்கி வைக்கிறோம். பாடத்தைப் படிக்கச் சொல்லி அதட்டுகிறோம்.

படம் பார்ப்பதும் பாடம்தான், வேஷம் போட்டு நடிப்பதும் படிப்புதான் என்று நம்பிய ஒருவர் 370 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார். அவர் ஒரு கிறிஸ்தவ மதகுரு. பெயர் கொமேனியஸ்.

அனாதைச் சிறுவன்

இன்றைய செக் நாட்டில் மொராவியா என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே 1592ஆம் ஆண்டு மார்ச் 28ந் தேதி கொமேனியஸ் பிறந்தார்.

சிறு வயதிலேயே தந்தையும் தாயும் இறந்துபோனார்கள். அத்தை வீட்டில் வளர்ந்தார். படிப்பைக் கவனிக்க ஆள் இல்லை. லத்தீன் பள்ளிக்கூடத்தில் காலடி வைத்தபோது அவருக்கு வயது 16!

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் படிப்பு என்றால் லத்தீன்தான். சிறுவர்கள் இலக்கணத்தை மனப்பாடம் செய்தார்கள். அர்த்தம் புரியாது. ஒப்பிக்கத் தவறினால் பிரம்படி விழும்.

மற்றப் பிள்ளைகள் அழுதுகொண்டே படித்துவிட்டுப் போனார்கள். கொமேனியஸ் வளர்ந்த பிள்ளை அல்லவா? தவறு எங்கே இருக்கிறது என்று யோசித்தார். பொருளைக் காட்டாமல் சொல்லை மட்டும் திணிக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்தது.

நாடு கடத்தப்பட்டார்

ஜெர்மனியில் உயர்படிப்பு முடித்து, பாதிரியார் ஆனார். புல்நெக் என்ற ஊரில் பள்ளிக்கூடத்தையும் கவனித்துக்கொண்டார். திருமணமும் நடந்தது.

1618இல் மதச் சண்டை மூண்டது. அது 30 ஆண்டுகள் நீடித்த பெரும் போர். கொமேனியசின் சபை தோற்ற பக்கத்தில் இருந்தது. அவர் ஊரை விட்டு ஓடி ஒளிந்தார். 1622இல் கொள்ளைநோய் வந்தது. மனைவியும் இரண்டு குழந்தைகளும் மாண்டார்கள். அவருடைய புத்தகங்களைப் புல்நெக் ஊரில் போட்டுக் கொளுத்தினார்கள்.

1628இல் எல்லை தாண்டிப் போலந்து நாட்டு லெஸ்னோ நகருக்குப் போனார். பிறந்த மண்ணை அவர் மீண்டும் மிதிக்கவே இல்லை.

லெஸ்னோவில் அவர் எழுதிய லத்தீன் பாடப்புத்தகம் 1631இல் வெளிவந்து, ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆனால் சிறு பிள்ளைகளுக்கு அதுவும் கடினமாகவே இருந்தது.

பள்ளியில் நாடகம்

1650இல் ஹங்கேரி நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. சுசானா லோராண்ட்ஃபி என்ற அரச குடும்பத்து அம்மையார், ஷாரோஷ்பதாக் நகரத்துப் பள்ளியைச் சீர்திருத்த அவரை அழைத்தார்.

அங்கேதான் நாடக யோசனை பிறந்தது. பாடப்புத்தகத்தையே எட்டு நாடகங்களாக எழுதினார். இயற்கை, மனித உடல், கைத்தொழில், பள்ளிக்கூடம், குடும்பம், நகரம், அரசு எல்லாம் மேடைக்கு வந்தன. ஏராளமான வேஷங்கள்! ஒரு பையன் அரசன், ஒரு பையன் அறிஞன், ஒரு பையன் தொழிலாளி.

பள்ளிக்கூடத்தில் கூத்தா என்று முதலில் எதிர்ப்புக் கிளம்பியது. கொமேனியஸ் விடவில்லை. நாடகம் நடந்தது. வாய் திறக்கவே கூச்சப்பட்ட பிள்ளைகள் சபை நடுவே நின்று லத்தீனில் பேசினார்கள்.

காக்கை சொன்ன எழுத்து

அடுத்தது படப்புத்தகம். படம் செதுக்கத் தெரிந்த ஆள் ஷாரோஷ்பதாக்கில் கிடைக்கவில்லை. அதனால் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்தில் அச்சாகி 1658இல் வெளிவந்தது. அதன் பெயர் "ஆர்பிஸ் பிக்டஸ்". படத்தில் உலகம் என்று பொருள்.

மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட 150 படங்கள். படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். கீழே அதே எண்ணுடன் அதன் பெயர், லத்தீனிலும் பிள்ளையின் தாய்மொழியிலும். ரொட்டிக் கடை என்றால் மாவு சலிப்பதும் பிசைவதும் அடுப்பில் வைப்பதும் ஒரே படத்தில்.

எழுத்துகளையும் ஒலியால் கற்பித்தார். "ஆ" என்ற எழுத்துக்குக் கரையும் காக்கை. "பே" என்பதற்குக் கத்தும் ஆட்டுக்குட்டி. பிள்ளை சத்தம் போட்டுக்கொண்டே எழுத்தைப் படிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆன்மாவைக்கூட அவர் விடவில்லை. புள்ளிகளாலான ஒரு மனித உருவமாக வரையச் செய்தார்! பள்ளிக்கூடப் படமும் உண்டு. அதில் குறும்பு செய்யும் பையன்களுக்குப் பிரம்படி விழுவதாகவே எழுதியிருக்கிறார். இவ்வளவு செய்தவரால் பிரம்பை மட்டும் ஒழிக்க முடியவில்லை போலும்.

40 ஆண்டு உழைப்பு

இந்தப் புத்தகம் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பு இன்னொரு பேரிடி விழுந்தது. 1656இல் நடந்த போரில் லெஸ்னோ நகரம் எரிக்கப்பட்டது. கொமேனியசின் வீடும் சாம்பல் ஆயிற்று. தாய்மொழிக்காக 40 ஆண்டுக்கு மேலாகச் சேர்த்துவந்த அகராதியின் கையெழுத்துப் பிரதி அதோடு போயிற்று.

அப்போது அவருக்கு வயது 64. கையில் ஒன்றும் இல்லை. ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரம் அடைக்கலம் கொடுத்தது. அங்கே இருந்தபடியே மறுபடியும் எழுதத் தொடங்கினார்.

படப்புத்தகம் 1659இலேயே ஆங்கிலத்துக்குப் போனது. பல தலைமுறைப் பிள்ளைகள் அதைப் புரட்டினார்கள். ஜெர்மானியக் கவிஞர் கதேயும் சிறுவனாக இருந்தபோது அதைப் பார்த்து மகிழ்ந்தவர்தான்.

1670 நவம்பர் 15ந் தேதி கொமேனியஸ் இறந்தார். ஆம்ஸ்டர்டாம் அருகே நார்டன் என்ற சிற்றூரில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் திரும்ப முடியாத செக் நாட்டில், அவர் பிறந்த நாளான மார்ச் 28 இப்போது ஆசிரியர் தினம்.